மேஸ்திரி ஓடிப்போகவில்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், உன் நாய் மேஸ்திரி, நாலு பேரும் சுகம். கப்பலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இன்ஜின் அறைச் சூட்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மேஸ்திரி சுகம் என்று எழுதியதை இன்னொரு முறை படித்துக்கொள். அதற்காகத்தான் குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து இந்த ராத்திரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. இந்தக் காகிதம் அப்பாவின் கடிதம் இருக்கும் உறைக்குள்ளேயே வருகிறது. அவருக்குத் தெரியாது.

வாசலில் புல்தரை போடப்போவதாகப் போன மாதமே எழுதியிருந்தோம். பஸ் டிப்போவுல இருபத்தாறு வருஷமா கிரீஸையும் கரியையும் பார்த்தாச்சு, வாசல்ல பச்சையா ஒண்ணைப் பார்க்கக் கூடாதா என்று அப்பா கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, பலகையால் சமப்படுத்தி விதை தூவினோம். மறுநாள் காலையில் மேஸ்திரி நடுவில் ஒரு பள்ளம் பறித்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான், வால் மட்டும் வெளியே ஆடியது. வேலி கட்டினோம், தாண்டினான். மிளகாய்த்தூள் தூவினோம், தும்மித் தும்மித் தோண்டினான். விதையே வேண்டாம் என்று நர்சரியில் சதுரம் சதுரமாக வெட்டி விற்கிற புல்லை வாங்கிப் பதித்தார் அப்பா. அதை நோட்டுப் பக்கம் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டான், ஒரு மூலைதான் மிச்சம். பக்கத்து வீட்டு வங்கி மாமா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன சார், தண்ணி வந்துடுச்சா, இன்னும் எத்தனை அடி போகணும் என்று கேட்டார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த அம்மா, என் வீட்ல ஒண்ணு தோண்டுது, ஒண்ணு மூடுது, ரெண்டும் காலைக் கழுவிட்டு உள்ள வந்தா போதும் என்றாள்.

சிரிப்பு அதோடு சரி. டிப்போவுக்குச் சாமான் அனுப்புகிற குடோன்காரருக்குக் காவலுக்கு நாய் வேண்டுமாம், மேஸ்திரியைக் கொடுத்துவிடுவதாக அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டியோடு வருகிறார். அங்கே பகலெல்லாம் சங்கிலிதான். இன்று சாயங்காலம் வழக்கம்போல அப்பா சொல்லச் சொல்ல உனக்குக் கடிதம் எழுதினேன். அம்மாவின் முழங்கால் வலி, என் பரீட்சை எல்லாம் முடிந்ததும், கேட் திறந்திருந்த நேரம் பார்த்து உன் நாய் ஓடிப்போச்சு, தெருத்தெருவா தேடினோம், கிடைக்கலைன்னு எழுதும்மா என்றார். மேசைக்கு அடியில் மேஸ்திரி என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தான். இங்கேதானேப்பா இருக்கான் என்றேன். அவன் நடுக்கடல்ல இருக்கான், உண்மை தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், சொன்னதை எழுது என்றார். நான் எழுதவில்லை அண்ணா. நாய் வீட்டில்தான் இருக்கிறது என்று எழுதினேன். என் எழுத்தின்மேல் இருக்கிற நம்பிக்கையில் அப்பா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மதிப்பெண் அட்டையை ஒளித்துவைத்ததற்கே பதினோரு நாள் என்னோடு பேசாதவர். இதற்கு எத்தனை நாளோ தெரியாது. ஆனாலும் அந்த வரியை மாற்றமாட்டேன்.

ஏனென்றால் தப்பு மேஸ்திரியுடையது இல்லை. நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. வேர் சீக்கிரம் பிடிக்கும் என்று, விதை வாங்கியபோதே நர்சரிக்காரர் எலும்புத்தூள் உரம் ஒரு மூட்டை கொடுத்திருந்தார். புல் ஒவ்வொரு முறை போனபோதும், மண்ணுல சத்து பத்தலை, இன்னும் போடு என்பார் அப்பா. போட்டவள் நான். கடைசித் தடவை பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று மிச்சத்தையெல்லாம் நடுவிலேயே கொட்டி மூடினேன். ஒரு தடவைகூட இடது மூலை வரைக்கும் உரம் போகவில்லை, அந்த மூலையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டு, சாக்கை உதறிக் கிடைத்த ஒரு சிட்டிகையைத் தண்ணீர்க் குழாயடி மண்ணில் புதைத்துப் பார்த்தேன். இரண்டே நிமிஷம், முழங்கை ஆழத்துக்குத் தோண்டிவிட்டான். எலும்பை நாமே புதைத்துவிட்டு, தோண்டுகிறான் என்று அவனை அடித்திருக்கிறோம்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். அப்பா முகத்தைப் பார்த்ததும் சாக்கை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்கே பாடம் எடுக்கிறியா என்று ஒரு வார்த்தை கேட்டால் நான் அழுதுவிடுவேன். நாளைக்கும் அழுவேன்தான், அழுதுகொண்டே சொல்வேன். உரம் போட்ட மண்ணை அள்ளிவிட்டு வேறு மண் போடுவோம், நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்பேன். அதற்கும் அப்பா மசியவில்லை என்றால் கேட் சாவி என் பாவாடை நாடாவில் இருக்கிறது, குடோன்காரர் வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கட்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் எது நடந்திருந்தாலும் நடந்திருக்கும். நீ வந்து காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பொய் வந்து சேரக் கூடாது, அவ்வளவுதான். பதில் எழுதும்போது அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. புல் எப்படி இருக்கிறது என்று அவரை ஒரு வார்த்தை கேள், ஆசையாகச் செய்தார். உன்னை நன்றாக இருக்கச் சொல்லி வாழ்த்துகிற வயது எனக்கு இல்லை. அப்பாவின் ஆசி அவர் காகிதத்தில் இருக்கிறது, அதை மட்டும் ஓர் எழுத்து மாற்றாமல் அவர் சொன்னபடியே எழுதினேன். ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகும்போது இதைத் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் அப்பாவை எழுப்புவேன். பெட்டிக்குள் விழுந்துவிட்டால், பயம் வந்தாலும் என்னால் திரும்ப எடுக்க முடியாது.

இப்படிக்கு,
பயந்துகொண்டே எழுதும்
உன் தங்கை