மூன்று தொட்டில்களை மடித்து வைத்த நாள்

அன்பு மகள் ரேணுவுக்கு,

நீ அந்தக் கொரியாக் குளிரில் சளி இருமல் ஒன்றும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே அப்பா, தம்பி ஆகில், நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மழை விடவில்லை, பதுளை பஸ் ஒரு நாள் வருகிறது ஒரு நாள் வருவதில்லை, ஆகில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போனைத்தான் படிக்கிறான். நீ எழுதிய அறிக்கையை அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. வாசிச்சியாம்மா என்று இரண்டு தடவை கேட்டாய், நான் ஒரு பூப்படத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். வாசித்தேன் மகள், அன்றைக்கே வாசித்தேன். பதில் எழுத வெட்கமாக இருந்தது. போனில் சொல்ல வாய் வராது என்றுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே படம் எடுத்து அனுப்புவேன், ஆகில் கையில் கொடுக்க மாட்டேன்.

அணுமின் நிலையம் நடக்கிற விதத்தை அரசாங்கச் சட்டதிட்டங்கள் எப்படி மாற்றுகின்றன என்று நீ ஆராய்வதில் எனக்கு விளங்கியது பாதிதான். ஒரு பம்பைக் குறித்த நாளில் சோதிக்காவிட்டால் உலையையே நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஒரு நகரத்துக்கே மின்சாரம் குறையும், அதனால் மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் பயம் என்று நீ சொன்னது விளங்கியது. ஆனால் முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அது முழுவதும் விளங்கியது. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கும் என் அம்மா, அதிகாரிகள் நாள் சொல்லிவிட்டு வந்தால்தான் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்று தன் அனுபவத்தில் சொன்னார் என்று. பேராசிரியருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்றாய். அந்த இடம் பொய், ரேணு.

நடந்ததைச் சொல்கிறேன். எத்தனை கைப்பிள்ளைக்கு ஒரு ஆயா என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு ஆயாக்களில் ஒருவர் குவைத்துக்குப் போய் எட்டு மாதம், அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் மூன்று பிள்ளைகள் அதிகம். பதுளையிலிருந்து மேற்பார்வை மிஸ் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்ததும் நான் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர் சதீஸ்குமார் சிரித்துக்கொண்டே, "ஆளு கொறவுன்னு எழுதுனா காம்பராவ மூடுவாங்களே தவிர ஆளு தரமாட்டாங்க டீச்சர், மூணு பிள்ளைய ஒரு நாளைக்கி லயத்து வீட்டுலயே வைக்கச் சொல்லுங்க, ஒலகம் ஒன்னும் முழுகிடாது" என்றான். மூடினால் பதினேழு பிள்ளைகளை அந்தத் தாய்மார் எங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள் என்று நானும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், என் பெயருக்கு எதிரே ஒரு குறை எழுதப்படுவதை என்னால் தாங்க முடியாது, கல்லூரிக்குப் போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கிய திமிர். மூன்று தாய்மாரிடம் நானே போய்ச் சொன்னேன். அன்று காலையில் மூன்று சீலைத் தொட்டிலையும் அவிழ்த்து மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். சதீஸ்குமார் எட்டிப் பார்த்து, "என்னா டீச்சர், காம்பரா திடீர்னு அகலமாயிருச்சு" என்று கேலி வேறு. மிஸ் வந்தார், பால்மா டின்னைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், "ஹரி ஹொந்தய்" என்று சிங்களத்தில் சொல்லிப் புத்தகத்தில் மிக நன்று என்று எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு தாய்மார் அன்றைய பேரையும் அதற்கான சம்பளத்தையும் இழந்து வீட்டில் நின்றார்கள். மூன்றாவது ஜீவராணி. அவளுக்கு அந்த மாதம் ஏற்கெனவே நாலு நாள் வேலை போயிருந்தது, இன்னொரு நாள் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்காமல் நிற்க முடியாது. பத்து மாதப் பிள்ளை யதுஷாவை லயத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பிள்ளை விழித்து எட்டிப் பார்த்துச் சிமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு உடைந்து நெற்றியும் பிளந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். இப்போது தவழ்கிறது, வலது கையைத் தூக்கினால் மட்டும் அழுகிறது. வீட்டுக்கு வந்ததும் ஜீவராணி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக் காம்பரா இருக்கயில ஏன் வீட்டுல போட்டேன்னு ஆஸ்பத்திரியில ஏசுனாங்க டீச்சர், எனக்குத்தான் சோம்பேறித்தனம்னு சொல்லிட்டேன், ஒங்க பேர இழுக்கவே இல்ல" என்றாள். நான் சரிம்மா என்றேன் மகள். அது ஒன்றுதான் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் கழித்து நீ அழைத்து, அதிகாரிகள் எப்படி வருவார்கள், வந்தால் வேலை எப்படி மாறும் என்று கேட்டாய். அத்தனையும் தெரிந்துகொண்டுதான் நாள் சொல்லி வருவதுதான் நல்லது என்று உனக்குச் சொன்னேன். உன் குரலில் இருந்த பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் சாக்குத்தான்.

இப்போது உன் அறிக்கைக்கு வருகிறேன். நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் நாற்பது பேரைக் கேட்டேன், எல்லாருமே சட்டத்தால் வேலை சீராக நடக்கிறது என்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகள் கேட்டே நான் அப்படிச் சொன்னேன் என்றால், எங்கிருந்தோ வந்த மாணவி கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? சட்டம் வேண்டாம் என்று எழுதிவிடாதே, பிள்ளையைப் பார்க்க ஆள் போதாது என்று அந்தக் கணக்கு சொன்னது சரி, நான்தான் அதைக் கேட்கவில்லை. குறையைச் சொன்னால் மூடிவிடுவார்கள் என்கிற பயம் இருக்கிற இடத்தில் என்ன நடக்கிறது, எதை எடுத்து அலுமாரிக்குள் வைக்கிறார்கள், அதைத் திரும்பக் கேள். இருபதாம் திகதி கொடுக்க வேண்டும் என்று தெரியும், தவணை கேட்டு வாங்கு. என்னைப் பற்றிய இடத்தை வெட்டிவிடு என்று முதலில் எழுத நினைத்தேன். வேண்டாம், நடந்ததை நடந்தபடி போடு, என் பெயரையும் போடு. ஜீவராணியின் பெயரை மட்டும் போடாதே.

திங்கட்கிழமை காலை முதலில் ஜீவராணி வீட்டுக்குப் போகிறேன், பிறகு பதுளைக்குப் போய் மிஸ்ஸிடம் சொல்லப் போகிறேன். அப்பாவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன், எழுந்து வெளியே போய்விட்டார், திரும்பி வந்து நானும் வருகிறேன் என்றார். வேலை போகலாம். காம்பராவை மூடிவிட்டால் மற்றத் தாய்மார் என்னைக் காறித் துப்புவார்கள். அதனால் மகள், திங்கள் பின்னேரம் வரைக்கும் எனக்குப் போன் எடுக்காதே. நீ பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய். எனக்கு அது போதும் என்று ஆகிவிடும், நான் போகாமல் இருந்துவிடுவேன்.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். எல்லா நலமும் பெற்று மனம் தெளிவாக இரு என்று வாழ்த்தும்

உன் அம்மா,
விஜயலெட்சுமி