நூற்றாண்டு மலருக்கு ஒரு குடும்பப் படம்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

கோயிலை அரைகுறையாகக்கூட நம்பாதவளுக்கு, அந்தக் கோயில் அச்சடிக்கும் புத்தகத்தில் தன் மகளின் முகம் இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்?

கேட்டது என் மகள் கவிப்பிரியாதான், போனில். "உனக்கே நம்பிக்கை இல்லம்மா. பாட்டுக்காகத்தான் கோயிலுக்குப் போற. அந்த மலர்ல என் மூஞ்சி இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா? உடு."

பதில் தெரியவில்லை. காலையிலிருந்து யோசித்துவிட்டுத்தான் தெரியவில்லை என்று எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு இது நூறாவது வருடம். மலர் போடுகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு படம். ஊரில் கேமரா வைத்திருக்கிற, கூலி கேட்காத ஒரே ஆள் நான் என்பதால் எல்லாப் படமும் நான்தான் எடுக்கிறேன். எங்கள் படத்தில் மட்டும் கவி இருக்கக்கூடாதாம். மே மாதம் அவள் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில், அம்மன் கோயில் வாசலில், குணா கையால் தாலி கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் பதிவு. நானும் அவள் அப்பாவும் போயிருந்தோம். சபைக்கு வெளியே தாலி கட்டிக்கொண்டவர்கள் மலரில் குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள் என்று ஜூனில் கமிட்டி முடிவு செய்தது. அந்தக் கமிட்டியில் என் வீட்டுக்காரர் பீட்டரும் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து கவியிடம் போனில்கூடப் பேசுவதில்லை.

எனக்கும் அந்தக் கல்யாணத்தில் குறை இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்த எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டாள். அது என் குறை. அதைச் சொல்ல எனக்கு எந்தக் கமிட்டியும் வேண்டாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் படங்கள். கோயிலின் தெற்குச் சுவருக்குப் போன மாதம்தான் வெள்ளை அடித்தார்கள். அதற்குள் இரும்பு ஆலைகளின் தூசி ஏறிச் சாம்பல் நிறம். படத்துக்கு அது நல்லதுதான், கண் கூசாது.

எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி உட்காருகிறது. நடுவில் அப்பா, மடியில் பைபிள். பக்கத்தில் அம்மா, மடியில் கைப்பை. பிள்ளைகள் பின்னால். நான் ஒன்றும் சொல்லித்தருவதில்லை. அவர்களாகவே வந்து அப்படி அமைகிறார்கள்.

பாடகர் குழுவை நடத்தும் விக்டோரியா உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "அக்கா, என் பாதி ஒடம்ப எங்காளு பின்னாடி மறைச்சி எடு. பேரப்புள்ளைங்க பாக்கப்போற புக்கு."

ஒரு வீட்டுப் பெண் மட்டும் படம் முடியும்வரை முந்தானையை இடது கை மேலே இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். காற்றில் அது விலகியபோது பார்த்துவிட்டேன். அடிபட்ட நீலம். பக்கத்தில் அவள் புருஷன், மடியில் பைபிளோடு, நேராக என் லென்ஸைப் பார்த்துச் சிரிக்கிறான். இவன் மலரில் உண்டு. என் மகள் கிடையாது.

அந்தப் படம் ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தேன்.

20 ஆகஸ்ட், புதன்

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் அங்கே ஏசிக்காகத்தான் வருகிறார்கள், புத்தகம் போனால் அவர்களுக்கு என்ன. குடும்பப் படங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் இருந்தது, முதுகு பிய்ந்து. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பீட்டர் பார்த்துவிட்டு, "இந்த ஊட்ல மனுசன் நடக்கவே எடம் இல்ல, இன்னொண்ணா?" என்றார். ஆனால் சோற்றைப் போட்டுக்கொண்டு அவர்தான் முதலில் புரட்டினார்.

நூறு வருடத்துக்கு முந்தைய முகங்கள். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் நாற்காலியின் கையைத் தொடலாம், எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. படத்தில் வராதவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. படித்தவர்கள் எழுதியதுதான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சபைச் செயலாளர் பாக்கியராஜ் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், படம்லாம் ரெடியா? பிரஸ்காரன் தொல்ல பண்றான்."

ரெடி என்றேன். பென்டிரைவைக் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை.

"எல்லா ஃபேமிலியும் இருக்குல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எதையாவது பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவேன் என்று இவ்வளவு நாளாகப் பயந்திருக்கிறார். ஒரு கணம் நினைத்ததும் உண்டு. ஆனால் அவை மற்றவர்களின் முகங்கள். என் சண்டைக்கு அவற்றை அடகு வைக்க முடியாது.

"எங்க படம் மட்டும் இல்ல. கவியும் குணாவும் நிக்கிற படம்னா நாளைக்கே தரேன்."

"அது எப்படி மேடம்? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க படிச்சவங்க."

படிச்சவங்க. ஒரு பெண்ணின் வாயை அடைக்க இந்த ஊரில் இப்போதெல்லாம் இந்த வார்த்தைதான்.

"படிச்சதாலதான் கேக்கறேன். எங்க எழுதியிருக்கு அந்த ரூல்?"

போதகரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

27 ஆகஸ்ட், புதன்

விநாயகர் சதுர்த்தி, கல்லூரி விடுமுறை. பொன்னேரி போய் பஸ் மாறி, நான் மட்டும் கவி வீட்டுக்குப் போய்வந்தேன். பீட்டரைக் கூப்பிட்டேன். ஷிஃப்ட் இருக்கிறது என்றார். இல்லை என்று எனக்குத் தெரியும்.

குணாவின் அம்மா அங்காளம்மாள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா சம்மந்தி. இன்னா, ஒத்தையா வந்துகிற? அவர் வரலியா? எங்க ஊட்டு மீன் வாசன அவருக்கு ஆவலியா?"

"கல்யாணத்துல நல்லாத்தானே சாப்பிட்டாரு."

"அத்தத்தான் நானும் கேக்குறேன். துண்ணும்போது வந்த ஆளு, துண்ணு முடிச்சிக்கினு எங்க பூட்டாரு?"

இந்த அம்மாளிடம் நான் எப்போதும் தோற்றுத்தான் போகிறேன்.

கவி கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள், கோணல்மாணலாக. வெயிலில் கறுத்திருக்கிறாள். வேலைக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய கம்பெனி, அதே லேப்தான்; இப்போது போக இரண்டு பஸ். என்னைப் பார்த்ததும், "கேமராவ எடுக்காத, கை பூரா மாவு" என்றாள். எடுத்தேன். குணா பின்னால் வந்து நின்று, "அத்த, நான் வேணா சட்ட மாத்திக்கினு வரட்டா?" என்றான். பயந்த பிள்ளை. என்னிடம் அவனுக்கு என்ன பயம்?

கிளம்பும்போது கவி கேட்டாள். "அப்பா என்னப் பத்தி எதுனா கேப்பாரா?"

கேட்பார் என்றேன். பொய்.

28 ஆகஸ்ட், வியாழன்

அங்காளம்மாள் கொடுத்தனுப்பிய இறாலைப் பீட்டர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

போதகர் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சிக்கல். காபி குடித்தார், என் புத்தக அலமாரியைப் பார்த்து, "இதெல்லாம் படிச்சா தூக்கம் வருமா அம்மா?" என்று சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

ஞாயிறு ஆராதனையில் நாங்கள் எழுந்து நின்று, சபைக்கு வெளியே நடந்த கல்யாணத்துக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரே வார்த்தை. அவர் ஜெபம் பண்ணுவார். அத்தோடு முடிந்தது. மலரில் எங்கள் படம் வரும், பீட்டர் கமிட்டியில் இருக்கலாம்.

"படத்துல கவி?" என்றேன்.

"அம்மா, முதல்ல இது முடியட்டும்."

"ஐயா, எதுக்கு மன்னிப்பு? பெத்ததுக்கா, போய் வாழ்த்தினதுக்கா?"

பீட்டர் குறுக்கே வந்தார். "ஐயா, நாங்க பேசிட்டு சொல்றோம்."

நாங்கள் பேசவில்லை. அவர் போதகரை வாசல்வரை கொண்டுபோய் விட்டபோதே சரியென்று சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாகக் கேட்டது.

4 செப்டம்பர், வியாழன்

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்க்கிறார். "சபையார் எங்கள மன்னிக்கணும்... சபையார் எங்களப் பொறுத்துக்கணும்..." எந்த வார்த்தை நல்லது என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. இரும்புக் கம்பி உருட்டாலையில் முப்பது வருடம் வேலை பார்க்கிறவர். பழுத்த கம்பி பக்கத்தில் ஓடும்போது பயப்படாத ஆள், ஒரு வாக்கியத்துக்குப் பயந்து குழாயைத் திறந்துவிடுகிறார்.

கோபம்தான் வந்தது. பாவம் என்றும் தோன்றியது. கோபத்தையே வைத்துக்கொண்டேன்.

6 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டேன். நான் நிற்கமாட்டேன்.

"நீ நிக்க வேணாம். நான் மட்டும் நின்னுட்டுப் போறேன்."

"நீங்க அந்த வார்த்தைய சொன்னீங்கன்னா நான் எழுந்து வெளிய போயிடுவேன். எல்லார் முன்னாடியும்."

"போ."

"திரும்ப அந்தக் கோயிலுக்கு வரமாட்டேன்."

"உனக்கின்னா? நீ ஒரு புக்க எடுத்துக்கினு உக்காந்துடுவே. எங்க தாத்தா கல்லு சொமந்த கோயிலு அது. நான் செத்தா என்ன எங்க பொதைப்பாங்க, அத்த யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. உண்மையாகவே அதை நான் யோசிக்கவில்லை. அவருக்கு அது கோயில் மட்டுமில்லை, அப்பா அம்மா படுத்திருக்கிற கல்லறைத் தோட்டமும். ஆனாலும் — செத்த பிறகு படுக்க இடம் வேண்டும் என்பதற்காக உயிரோடு இருக்கிற மகளை விட்டுவிடுவதா? இதை அவரிடம் கேட்டேன். அவர் நாளைக்குப் போடவேண்டிய சட்டையை இஸ்திரி போட்டார். காலரை மட்டும் திரும்பத் திரும்ப.

நாளை கடைசிப் பெஞ்சில், வாசல் பக்கமாக உட்காரப் போகிறேன். பையைத் தோளிலேயே வைத்துக்கொள்வேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்வார், நான் எழுந்து போவேன். இருபத்தாறு வருடக் குடித்தனம் எங்கே போய் நிற்கும்? தெரியாது. போவேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள். அதன்பின் போதகர், "சகோதரர் பீட்டர் சபைக்கு ஒரு வார்த்தை சொல்லுவார்" என்றார். எங்கள் கோயிலில் ஆண்கள் வலது கை வரிசை, பெண்கள் இடது கை வரிசை. அவர் முன்னால் மூன்றாவது பெஞ்ச். எழுந்தார். எனக்கு முதுகு மட்டும் தெரிந்தது. மின்விசிறிச் சத்தம். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

"சபையாருக்குத் தோத்திரம்" என்றார். பிறகு நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போனேன். ஆசீர்வாதம் பண்ணேன்." மறுபடியும் நின்றார். "சாப்ட்டேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு."

உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். போதகர் இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். சபை முழுக்கக் கண்ணை மூடியது. நான் மூடவில்லை. எழுந்தேன். கால் வாசலுக்குப் போகவில்லை. நடுப்பாதையில் நடந்து ஆண்கள் வரிசைக்குப் போய், மூன்றாவது பெஞ்சில் அவருக்கும் தூணுக்கும் நடுவே உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து இடம் விட்டார். ஆமென் சொல்லி எல்லோரும் கண் திறந்தபோது நான் அங்கே இருந்தேன். முன் பெஞ்சுப் பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தான்தான் மாறி உட்கார்ந்துவிட்டோமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

வெளியே பாக்கியராஜ். "ரெண்டு பேரும் சேந்து இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? மலர்ல உங்க ஃபேமிலி கெடையாது, தெரியும்ல?"

"தெரியும்" என்றார் பீட்டர். "கமிட்டியிலேர்ந்தும் என் பேர எடுத்துடு."

போதகர் அருகில்தான் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாரா, இல்லை வெயிலுக்குத் தலையைக் குனிந்தாரா, சொல்ல முடியவில்லை.

விக்டோரியா பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, அடுத்த வாரமும் அங்கதான் உக்காருவியா?"

"ஆமா."

"உக்காரு, உக்காரு. நான்லாம் மாட்டேம்பா. எங்காளு பக்கத்துல உக்காந்தா பிரசங்கம் கேக்காது, கொறட்டதான் கேக்கும்."

நாளைக் காலை மலர் அச்சுக்குப் போகிறது. நாங்கள் அதில் இல்லை.

சாயங்காலம் கவி போன் செய்தாள். விக்டோரியா அதற்குள் ஊருக்கே சொல்லியிருக்கிறாள். "அப்பா இன்னா சொன்னாரு? மாத்தாம சொல்லும்மா." மாற்றாமல் சொன்னேன். "சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா சொன்னாரு? அன்னிக்கு சாம்பார்ல உப்பே இல்லம்மா" என்றாள்.

பீட்டர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். போய் போனை நீட்டினேன். "சாம்பார்ல உப்பு இல்லையாம்" என்றேன்.

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"யாரு சொன்னது?" என்றார் போனில். "எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு."