திரை போடாத ஜன்னல்

ஜனவரி 17, 2022

கூட்டம் மூன்று மணி நேரம் இழுத்தது. நீச்சல் குளத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி, மறுபடியும். அரசியல் என்றால் என்ன என்று மகள் துவா சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். ஒழுகும் இடத்தில் எந்த வாளியை வைப்பது என்று பெரியவர்கள் கைதூக்குவது என்று சொல்லியிருக்கலாம். பகலில் அரசுப் பல் மருத்துவமனையில் ஊர்க்காரர்களின் பல்லைச் சுத்தம் செய்கிறேன், சாயங்காலம் அவர்களுக்காகவே உள்ளாட்சிக் கவுன்சிலில் உட்காருகிறேன். பல்லாவது வலிக்கும்போதே சொல்லிவிடுகிறது.

திரும்பி வரும்போது யெர்க்கெர் டிராக்டரில் எங்கள் சாலையின் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். கை காட்டினான். அவன் பையன்கள் இரண்டு பேரும் இந்த மாதத்திலிருந்து பேருந்தில் நகரத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். எங்கள் கிராமத்துப் பள்ளியை மூடக் கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒன்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியை, பூஞ்சை பிடித்த சுவர். வேறென்ன செய்திருக்க முடியும்?

இதைத் தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 26

கவுன்சில் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் பெயர்: ‘உன் ஊர்க்காரன்’.

“நேற்று சமையலறையில் அழுதாய். கைதூக்குவதைவிட அழுவது உனக்கு நன்றாக வருகிறது.”

திட்டிக் கடிதம் வருவது புதிதல்ல, பழகிவிட்டது. ஆனால் நேற்று நான் அழுதது உண்மை. வெங்காயம் நறுக்கும் சாக்கில் அழுதேன், என் கணவர் சிக்ஸ்டனுக்கே தெரியாது.

அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். “ஏன் அழுத?” என்றுதான் முதலில் கேட்டார்.

பிப்ரவரி 2

இன்னும் இரண்டு வந்துவிட்டன. நான் நடந்துகொண்டே போன் பேசுவதைப் பற்றி ஒன்று. சிக்ஸ்டனின் பழைய ஸ்வெட்டரை நான் போட்டுக்கொண்டதைப் பற்றி ஒன்று.

ஊமெயோ நகரத்தில் கணினி படிக்கும் துவாவைப் போனில் கூப்பிட்டேன்.

“அம்மா, உன் போன்ல யாரோ உள்ள பூந்திருக்காங்க. இல்லன்னா லேப்டாப் கேமரா. நான் எத்தன தடவ சொன்னேன், எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வெக்காதேன்னு?”

“நாய் பேர்தானே வெச்சிருக்கேன்.”

“அந்த நாய் செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா. ஊருக்கே அது பேர் தெரியும்.”

சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

பிப்ரவரி 6

துவா வந்தாள், வீட்டையே கவிழ்த்துவிட்டுப் போனாள். மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு இலவச மென்பொருளைப் போட்டாள். பெரிய கம்பெனிக்காரன் எவனும் இதில் எட்டிப்பார்க்க முடியாதாம். கேமராவின் மேல் பிளாஸ்திரி. பேசினால் பதில் சொல்லும் பெட்டியைக் குப்பையில் போட்டாள். எனக்குப் பொத்தான் வைத்த போன்.

நாட்குறிப்பையும் ஐந்து வருடமாகப் போனில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவே தேதி போடும், அன்றைய வானிலையைச் சொல்லும், ‘இன்று நீங்கள் எதற்கு நன்றி சொல்வீர்கள்?’ என்று கேட்கும். எல்லாம் போயிற்று, இந்த ஜனவரியிலிருந்து எழுதியதை மட்டும் கையால் பார்த்தெழுதிக்கொண்டேன். இது கடையில் வாங்கிய கோடு போட்ட நோட்டு. இது எதையும் கேட்பதில்லை, அதனால் இதில் பொய் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 12

பொத்தான் போனை வைத்துக்கொண்டு ஸ்வீடனில் மனுஷி வாழ முடியாது. வண்டி நிறுத்தக் காசு கட்ட முடியவில்லை, பார்சல் வாங்க முடியவில்லை, எல்லாமே போன் செயலியில். சர்ச் கேக் விற்பனையில் இரண்டு இலவங்கப்பட்டை ரொட்டிக்கு ரூபாய் நோட்டு மாதிரி காகிதப் பணத்தை நீட்டினேன். அந்தப் பெண் அதை ஏதோ பழங்காலத்துப் பொருள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிக்ஸ்டன் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

பிப்ரவரி 14

“புதுப் போன் சின்னதாக இருக்கிறது. உன் கை நடுங்குவது இன்னும் நன்றாகத் தெரிகிறது.”

எப்படி? எப்படி?

பிப்ரவரி 24

போர். ரஷ்யப் படை உக்ரைனுக்குள் போய்விட்டது. ஸ்வீடன் முழுக்கத் தண்ணீர்க் கேன் வாங்குகிறார்கள். சிக்ஸ்டனும் வாங்கிவந்தார். நிலவறையில் அடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய பயத்துக்கு நடுவிலும் என்னுடைய சின்னப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 28

வேலை செய்ய முடியவில்லை. யார் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாலும், இந்த வாயா? இந்த நாக்கா? ஒரு பாட்டியம்மாள், “உன் கை எவ்வளவு மிருது” என்றாள். அவளையும் சந்தேகப்பட்டேன்.

போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். மிரட்டல் என்று நேரடியாக எதுவும் இல்லையே என்றாள். இல்லைதான்.

சாயங்காலங்களில் யெர்க்கெரின் டிராக்டர் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சம் தைரியம். யாரோ வெளியே விழித்திருக்கிறார்கள்.

மார்ச் 3

காலையில் தபால் பெட்டியில் காகிதம். கையால் எழுதியது, பெயர் இல்லை.

“சாயங்காலம் திரையைப் போடு. உள்ளே எல்லாம் தெரிகிறது.”

போனை மாற்றினேன், கணினியை மாற்றினேன், கடைசியில் வாசலுக்கே வந்துவிட்டான்.

ராத்திரி விழுந்த பனி அப்படியே கலையாமல் கிடந்தது, யெர்க்கெர் இன்னும் வரவில்லை. தபால் பெட்டிக்கு எதிரே இரண்டு மெல்லிய கோடுகள், நடுவில் பூட்ஸ் தடம். காலால் உந்திப்போகும் சறுக்குவண்டி. செருப்போடு பின்தொடர்ந்தேன். கோடுகள் வளைவைத் தாண்டி, மூடிய பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஹோல்கெரின் வீட்டுப் படியில் நின்றன. சறுக்குவண்டி சுவரில் சாய்ந்திருந்தது.

ஹோல்கெர்! சர்ச் பாட்டுக் குழுவில் எனக்குப் பின்வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுகிறவர். அவர் மனைவி ஆஸ்தா அந்தப் பள்ளியில்தான் முப்பது வருடம் கற்பித்தாள், அங்கிருந்துதான் அவளை அடக்கத்துக்குக் கொண்டுபோனோம். பள்ளியை மூடுவது பற்றிய ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “நீயுமா மார்கிட்?” என்று கேட்டுவிட்டு வெளியேறினார். அதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவைத் தட்டவில்லை. திரும்பி வந்துவிட்டேன். சிக்ஸ்டனிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய் அடித்துவிடுவார்.

மார்ச் 10

பாட்டுப் பயிற்சி. அவர் மூச்சு என் கழுத்தில் படும் தூரத்தில் நின்று பாடினார். அழகாகப் பாடினார். தெரியாமலிருந்ததே மேல் என்று தோன்றியது. இருட்டில் முகமில்லாமல் இருந்தவனுக்கு இப்போது ஹோல்கெரின் முகம்.

ஏப்ரல் 5

இன்று மருத்துவமனையில் ஹோல்கெரின் முறை. ஆறு மாதம் முன்பே போட்ட தேதி. வேறு யாரிடமாவது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும்.

சாய்ந்தார், வாயைத் திறந்தார். சுரண்டும் கருவியைக் கையில் எடுத்தேன். கீழ்வரிசையில் தேவைக்குமேல் ஒரு அழுத்து. ரத்தம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், முனகக்கூட இல்லை. ஐயோ, என்ன செய்கிறேன் நான்! கருவியைத் தட்டில் வைத்தேன்.

“சறுக்குவண்டித் தடத்தைப் பாத்தேன், ஹோல்கெர்.”

எழுந்து துப்பினார். “தெரிஞ்சுபோச்சா.”

“ஏன் இப்படிப் பண்றீங்க? திட்டணும்னா நேர்ல திட்டுங்க. வீட்டுக்குள்ள நான் அழறத எழுதி அனுப்பி...”

“அழறதா? நான் ஒரே ஒரு சீட்டுதானே போட்டேன்.”

“அப்போ மின்னஞ்சலெல்லாம்?”

“எங்கிட்ட கம்ப்யூட்டரே இல்லம்மா. ஆஸ்தாவோடது பரண்ல கெடக்கு.”

அவர் காகிதத் துண்டால் வாயை ஒற்றிக்கொண்டே சொன்னார். “உன் வீட்டு ஜன்னலுக்கு எதிர்ல நிக்கிறான். விளக்க அணைச்சுட்டு, எஞ்சினையும் நிறுத்திட்டு. நான் நடக்கப் போறப்பல்லாம் பாக்கறேன். பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். அதுக்குத்தான் திரை போடச் சொன்னேன்.”

“யாரு?”

“உன் ரோட்ல சாயங்காலம் டிராக்டர் வேற யார் ஓட்றா?”

“ஏன் எங்கிட்ட வந்து சொல்லல? சீட்டுல உங்க பேராவது போட்டிருக்கலாமே.”

“பேர் போட்டா உன்னோட பேசின மாதிரி ஆயிடும்ல? நான் இன்னும் உன் மேல கோவமாத்தான் இருக்கேன்.”

மீதிப் பல்லையும் சுத்தம் செய்தேன். மெதுவாக, ரொம்ப மெதுவாக. போகும்போது, “ஈறு எரியுது” என்றார். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

எங்கள் பாட்டியம்மாக்கள் ஜன்னலில் திரை தொங்கவிட்டது அழகுக்கு. மூடுவதற்கு அல்ல. நானும் அப்படியே வாழ்ந்திருக்கிறேன். இன்று போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டோம்.

ஏப்ரல் 21

யெர்க்கெரிடம் போலீஸ் கேட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டான். ஹோல்கெர் சாட்சி சொன்னார், பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. அபராதம் இருக்கும் என்கிறார்கள். எங்கள் சாலையை இனி வேறு ஆள் பார்ப்பான்.

மாலையில் அவனே வாசலில் வந்து நின்றான். சிக்ஸ்டன் கதவை அடைக்கப் போனார். நான் தடுத்தேன்.

“என் பசங்க காலைல இருட்டுல ரோட்ல நிக்கறாங்க, மார்கிட். சின்னவன் பஸ்ல வாந்தி எடுக்கறான். நான் உன் வாசப் பனிய அள்றேன், நீ உள்ள சூடா, வெளிச்சமா உக்காந்திருக்க. ஒரு நாள் நின்னு பாத்தேன். அப்புறம் நிறுத்த முடியல.”

“எங்கிட்ட வந்து இதச் சொல்லியிருக்கலாமே, யெர்க்கெர்.”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப? கூட்டக் குறிப்புல எழுதி வெச்சிருப்ப.”

எழுதித்தான் வைத்திருப்பேன்.

ஏப்ரல் 27

வரும் தேர்தலின் வேட்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, மின்னஞ்சலும் நின்றுவிட்டது. இப்போது ஏன் விலகுகிறாய் என்று கட்சியில் கேட்கிறார்கள். நின்றது அங்கே. எனக்குள் நிற்கவில்லை. சாப்பிடும்போது என் கையை வெளியிலிருந்து நானே பார்க்கிறேன், எப்படித் தெரியும் என்று.

என் இடத்தில் ஹில்லெவி நிற்கிறாள். ஆற்றங்கரைப் பால் பண்ணையின் பெண், இருபத்தாறு வயது. “உங்கள மாதிரி பொறுமை எனக்கு இல்ல. கத்திடுவேன்” என்றாள். நல்லது, கத்து என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 3

மருத்துவமனையில் யெர்க்கெரின் சின்னப் பையன். சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லை. ஸ்டிக்கர் இரண்டு கொடுத்தேன். அவன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11

தேர்தல். வாக்குச் சாவடி எங்கள் மூடிய பள்ளிக்கூடத்தில். பூஞ்சை வாடை. வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட எங்கள் கட்சிச் சீட்டில், என் பெயர் இருந்த இடத்தில் ஹில்லெவியின் பெயர். போட்டேன். வரிசையில் பின்னால் ஹோல்கெர்.

“வானம் தெளிஞ்சிருக்கு” என்றார். பத்து மாதத்தில் கோபமில்லாமல் அவராகப் பேசிய முதல் வார்த்தை.

“ஆமா, தெளிஞ்சுதான் இருக்கு” என்றேன்.

அக்டோபர் 27

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஹில்லெவி கூப்பிட்டாள். கவுன்சிலில் அவளுக்கு இரண்டாவது வாரம். குரல் மெலிந்திருந்தது.

“மார்கிட்... ஒரு மெயில் வந்திருக்கு. பேர் இல்ல. எங்க மாட்டுத் தொழுவத்த நான் எப்போ பூட்டறேன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கும் இப்படி வந்துச்சுன்னு யாரோ சொன்னாங்க. நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?”

சொல்லவில்லை. நான் அவளிடம் சொல்லவே இல்லை.

யெர்க்கெராக இருக்காது, அவன் ஜூலையிலேயே குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விட்டான். அப்படியானால் இன்னொருவன். எத்தனை பேர்?

“அழிக்காத. யாரையும் சந்தேகப்படாத இப்போதைக்கு. வீட்ல இருக்கியா?”

“தொழுவத்துல.”

“அங்கயே இரு. வரேன்.”

மாவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சிக்ஸ்டன் வண்டிச் சாவியை நீட்டினார். இதை ஹில்லெவியின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பால் கறக்கப் போயிருக்கிறாள். தொழுவத்தில் மாடுகளைப் பேர் சொல்லி அதட்டுகிறாள், நன்றாகக் கேட்கிறது. நாளை கவுன்சில் கூட்டத்துக்கு அவளோடு நானும் போகிறேன். பார்வையாளர் வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.