பெரிய எழுத்தில் விடுபட்ட வரி

அன்புள்ள மகளுக்கு,

இங்கு இருவரும் நலம். உன் நலம் குறித்து உன் அம்மா காலையும் மாலையும் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாள்; என்னிடம் போதிய பதில் இல்லை. அவளுடைய முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. குமாஸ்தா விடுப்பில் இருப்பதால் இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய விளக்கக் கடிதத்தின் வரைவை மூன்று முறை வாசித்தேன். மருத்துவமனைக்காக நீ செய்து கொடுத்த செயலியில், "புதிய மாத்திரை தொடங்கியதும் பழையதை நிறுத்தவும்" என்ற கடைசி வரியைக் காணாமல், ஒரு பெரியவர் இரண்டையும் சாப்பிட்டு, ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்திருக்கிறார். "அறிவுரை முழுவதும் திரையில் இருந்தது, பயனாளர் கீழே நகர்த்திப் பார்க்கவில்லை" என்று நீ கையெழுத்திட வேண்டுமென உன் மேலாளர் கேட்கிறார். இதனால் உனக்கு ஆபத்து உண்டா என்று கேட்டிருந்தாய்.

சாட்சியத்தைச் சோதிக்காமல் கருத்துச் சொல்வது என் வழக்கமன்று. நீ கொடுத்திருந்த மாதிரிக் கணக்கின் வழியே, உன் அம்மாவின் கைபேசியில் அந்தப் பக்கத்தை ஒவ்வோர் எழுத்தளவிலும் திறந்து பார்த்தேன். "கேஸ் இல்லாத வக்கீலுக்கு என் போனாவது கட்சிக்காரரா கெடச்சுதே" என்று அவள் கேலி செய்தாள். சாதாரண எழுத்தில் எட்டு வரிகளும் தெரிந்தன. அடுத்த அளவில் எட்டாவது வரியின் தலை மட்டும் தெரிந்தது. அவள் வழக்கமாக வைத்திருக்கும் பெரிய எழுத்தில் ஏழாவது வரியோடு பக்கம் முடிந்து, கீழே "புரிந்தது" என்ற பொத்தான் நின்றது. விரலால் எவ்வளவு தள்ளியும் பக்கம் அசையவில்லை. "இவ்ளோதான் இருக்கு, இன்னும் என்னத்தத் தேடறீங்க?" என்றாள் அவள். அதே பெரிய எழுத்தை வைத்திருந்த பெரியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

எழுத்து வளர்ந்தால் அதை அடக்கிய பெட்டியும் வளர வேண்டும், பெட்டி திரையை மிஞ்சினால் பக்கம் நகர வேண்டும், பொத்தான் கடைசி வரிக்குப் பிறகே வர வேண்டும் என்று எனக்கு விளக்கியவளே நீதான். வரிகள் குறைவாக இருக்கும்போது பக்கம் வெறிச்சென்று இருக்கிறது என மேலாளர் குறைப்பட்டதால், வெளியீட்டுக்கு முந்தைய நாள் அவசரமாகப் பெட்டிக்கு ஒரே உயரம் வைத்ததாகவும் எழுதியிருக்கிறாய்.

கேட்ட கேள்விக்குப் பதில்: கையெழுத்திட்டால் உனக்கு ஆபத்து குறைவு. சாதாரண எழுத்தை வைத்துப் பார்த்தால், அறிவுரை முழுவதும் திரையில் இருந்தது. பெரியவர் நகர்த்தவில்லை என்பதும் மெய்யாக இருக்கலாம். நகர்த்தினாலும் நகர்ந்திருக்காது என்பதை மட்டும் வரைவு சொல்லவில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். இத்தகைய வரைவுகளை நானே பலருக்கு எழுதிக் கொடுத்து, வென்றும் இருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட உனக்கு வாசித்துக் காட்டியதில்லை.

உன் கடிதத்தில் ஓர் இடத்தைக் கடந்து செல்ல என்னால் முடியவில்லை. நீ பார்க்கப் போனபோது அந்தப் பெரியவர், "என் கண்ணுதாம்மா சரியில்ல, நீ ஏன் அழுவற?" என்று கேட்டாராம். இனி அவரை நம்ப முடியாது என்று அவருடைய மகள் மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டாராம்.

நடந்ததை நடந்தபடி எழுதினால் வேலை போகலாம். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அப்படி எழுதிய மாற்று வரைவு ஒன்றை இணைத்துள்ளேன்; முடிவு உன்னுடையது. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய வழக்குக் கட்டுகளை வெளியே எடுக்கச் சொன்னாள். நேற்று முழுவதும் அந்த வேலைதான். இப்போது உன் கட்டில் கண்ணுக்குத் தெரிகிறது.

எந்தத் தாளில் கையெழுத்திடுவதானாலும், அதற்கு முன் ஒருமுறை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போ. குறை அவர் கண்ணில் இல்லை என்று, அவர் மகளுக்கும் கேட்கும்படி சொல்லிவிடு. அது உனக்கே எதிரான சாட்சியமாகும் என்பதை அறிந்துதான் எழுதுகிறேன். வழக்கறிஞனாக இதை நான் சொல்லக் கூடாது.

நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா.

உன் அப்பா