மணிச்சத்து ஏறாத புல்

ஐப்பசி 3, திங்கள்
விடியற்காலை மழை. வைக்கோல் போர் நனைந்து அடியெல்லாம் பூஞ்சணம். இனி புல்தான்.
செவலை கன்று போட்டு இன்றோடு பதினாறு நாள். பால் கா. 5 லி., மா. 3. போன ஈத்தில் இதே சமயம் காலையில் மட்டும் எட்டு.
கொடியில் கிடந்த என் துண்டைப் பாதி தின்றிருக்கிறாள். நேற்று மண்ணை நக்கினாள். தொட்டி நிறையப் புல் கிடக்க இதென்ன புத்தி. திட்டினேன். கறுப்பி தேவலை, ஏழு மாதச் சினை, சாது.
வாங்க: சோப்பு, யூரியா அரை மூட்டை, கன்றுக்குக் கயிறு.

ஐப்பசி 4, செவ்வாய்
வெயில், புழுக்கம். சாணம் ஏற்ற டிராக்டர் வந்தது. சாலவாக்கம் பக்கம் யாரோ செடி விற்பவருக்குப் போகிறது, மூன்று வருஷமாக. கொட்டில் சுத்தமாக இருக்கும் என்று ஆரம்பித்தவள் நான். வீட்டுக்காரருக்கு அப்போது இஷ்டமில்லை.
புல் அறுக்க முனியம்மா வந்தாள். புல் ஆள் உயரம், கரும்பச்சை. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், எனக்கும் கொஞ்சம் திமிர்தான். அவள் மட்டும் ஒரு தூரைப் பிடுங்கி வேரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இன்னாக்கா, மண்ணு செங்கல்லாட்டம் கீது. ஒரு மண்புழு கூட இல்ல."
வேலையைப் பார் என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஐப்பசி 6, வியாழன்
மழை இல்லை. செவலையின் மூத்திரம் காப்பித் தண்ணி நிறம். அவர் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.
டாக்டரம்மா செவலையின் கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தது. ஊசி. துணி, எலும்பு ஏதாவது கடித்தாளா என்று கேட்டார். துண்டைத் தின்றதையும் மண்ணை நக்கியதையும் சொன்னேன். உடம்பில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்தால் மாடு கண்டதையும் மெல்லுமாம். கன்று போட்ட பிறகு ரத்தமே உடைந்து மூத்திரத்தில் போகுமாம்.
புல்லைக் காட்டச் சொன்னார். எரு போட்டு எத்தனை நாள்? மூன்று வருஷம் என்றேன். யூரியா மட்டும்.
"மண்ணுல மக்குன எரு இல்லன்னா மணிச்சத்து மண்ணோடவே ஒட்டிக்கும்மா, வேருக்குக் கிடைக்காது. யூரியா மட்டும் ஏறும். பாக்கத்தான் பசேல்னு இருக்கு."
இனி எருவாகக் கொட்டினாலும் மண் தேறச் சில வருஷம் ஆகுமாம்.
டிராக்டர்காரருக்கு போன், இனி வரவேண்டாமென்று.

ஐப்பசி 7, வெள்ளி
செவலை எழுந்திருக்கவில்லை. மூத்திரம் இன்னும் கறுப்பு. இரண்டாவது ஊசி. கன்று கத்திக்கொண்டே இருக்கிறது. பால் இல்லை. பயமாக இருக்கிறது.

ஐப்பசி 8, சனி
காலை ஏழரைக்குப் போய்விட்டாள். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி 9, ஞாயிறு
மேகமூட்டம். கறுப்பிக்கு மார்கழியில் நாள். வயிற்றில் கை வைத்தால் கன்று புரள்வது தெரிகிறது.
டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாது உப்பு கடையில் இல்லை, செவ்வாய்தான் வருமாம். நம் வைக்கோலைக் கறுப்பி மோந்து பார்த்துத் தள்ளிவிட்டாள். அக்கம்பக்கம் கேட்டாயிற்று, எல்லார் போரும் நனைந்ததுதான்.
மத்தியானம் வரைக்கும் பசியில் கத்தினாள். பொறுக்க முடியவில்லை. அதே புல்லை நானே அறுத்து வந்து போட்டேன். இரண்டு கட்டு. ஒரு தாள் மிச்சம் வைக்காமல் தின்றாள்.