பழைய பேப்பருக்குப் போட்ட பதினோரு புத்தகங்கள்

நகரி
14-9-2003

அன்பு மகள் ஷோபாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்பில் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக வேலைக்குப் போய் வருகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாய், அதற்காகத்தான் முதலிலேயே நலம் சொல்லிவிட்டேன். நீ போன மூன்று வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் அல்லவா. அம்மா நேற்று காணிப்பாக்கம் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள், பிரம்மோத்சவக் கூட்டத்தில் செருப்பு தொலைந்துவிட்டது, பீடை தொலைந்தது என்று வெறுங்காலோடு சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தாள். மழை இந்த வருஷமும் கண்ணில் காட்டிவிட்டுப் போய்விட்டது. உன் அறை ஜன்னல் கதவை மாற்றியிருக்கிறேன், பழையது கறையான் அரித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் கார்த்திகையில் டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொண்டு வரலாம் என்று திருப்பதி போயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தபோது நாகபூஷணம் என்பவருடைய பழைய புத்தகக் கடையில் ஒரு அட்டை கண்ணில் பட்டது. கருநீல வானம், நடுவில் பறவை மாதிரி இறக்கை வைத்த கப்பல். எங்கே பார்த்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்கும். நீ பத்தாவது முடித்து இன்டர் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நீயும் கேபிள் டி.வி.யில் பார்ப்பீர்களே, 'பெட்ரல்' என்ற அந்த விண்வெளிக் கப்பல் சீரியல், அதன் கதைப் புத்தகம் அது. உன் தாமோதரன் மாமா சென்னை நடைபாதையில் பொறுக்கிப் பொறுக்கி உனக்குக் கொண்டுவந்து கொடுத்த பதினோரு புத்தகங்களில் ஒன்று. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நாகபூஷணம் என்னைப் பார்த்து, இத்த யாரும் இப்ப கேக்கறதில்ல சார், காலேஜ் பசங்க அமெரிக்கா போறப்ப மூட்டையா போட்டுட்டுப் போறாங்க, உங்க வீட்ல யாரு படிக்கறாங்க என்று கேட்டார். நான்தான் என்று வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்ட பிறகு படிக்காமல் இருக்க முடியவில்லை.

உன் பதினோரு புத்தகங்களையும் நான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் எழுபத்தைந்துக்கு இருபத்தொன்பது வாங்கி வந்தாய், நான் டூட்டியிலிருந்து வந்த யூனிபாரத்தோடேயே உன் அலமாரியைக் காலி செய்தேன். நீ அழவில்லை, வாசல்வரை கூடவே வந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கூடக் கொடுத்தாய். பிறகு நல்ல ரேங்க் எடுத்தாய், திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்தாய், அமெரிக்காவுக்கும் போய்விட்டாய். நான் செய்தது சரிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் உண்மை கணக்கு மார்க் மட்டும் இல்லை அம்மா. ஒரு புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் இறுக்கமான உடுப்பில் நின்றிருந்தாள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை, உன்னிடம் கேட்கவும் கூச்சம். இருபத்தெட்டு வருஷம் சித்தூர் திருப்பதி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு எத்தனை இங்கிலீஷ் தெரியும். நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாகச் சிரிப்பாய். எதைப் படித்துச் சிரிக்கிறாய் என்று தெரியாமல் நான் வெளியே நிற்பேன். என் கைக்கு எட்டாத எங்கேயோ நீ போய்விட்டாய் என்று பயமாக இருந்தது, அந்தப் பயத்தைத்தான் கோபம் என்று உன்னிடம் காட்டினேன்.

நீ விட்டுப்போன டிக்‌ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டு உன் மேசையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதல் பக்கம் முடிய மூன்று நாள் ஆயிற்று. தெரியாத வார்த்தைகளைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி, முதல் புத்தகத்துக்கே நாலு மாதம் பிடித்தது. பெட்ரல் என்றால் ஒரு கடல்பறவையாம், வருஷத்தில் பெரும்பாலும் தண்ணீர்மேலேயே இருக்குமாம், அதையும் தெரிந்துகொண்டேன். உன் அம்மாவுக்கு அது இன்னமும் பெட்ரோல் கப்பல்தான். முதலில் சிரித்தாள், பிறகு சாயங்காலமானால் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னாங்க, பெட்ரோல் கப்பல் இன்னிக்கு எங்க போய்க்கினு இருக்குது என்று கேட்க ஆரம்பித்தாள். கேப்டன் ரொம்பக் கறாரான ஆள் என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, உங்களுக்கு இன்னா தெரியும், அவரு தம்பி செத்ததுலேர்ந்து அப்படி ஆயிட்டாரு, நானும் ஷோபாவும் பாத்தோமே என்று என்னைத் திருத்தினாள். வார்த்தை தெரிந்த எனக்கு ஆட்களைத் தெரியவில்லை, வார்த்தை தெரியாத அவளுக்கு எல்லாரையும் தெரிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ்ஸில் இருந்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இத்தனை பேர் குடியிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது புத்தகத்தில் சமையல்காரன் அதிகாரிக்கு உப்பில்லாத கஞ்சி கொடுக்கும் இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் நீ இந்த இடத்தில்தான் சிரித்திருப்பாய் என்று தோன்றியது, அதற்குமேல் அன்று படிக்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மாதம் ஒருதரம் திருப்பதி போய் நாகபூஷணத்தின் கடையில் தேடுகிறேன், இதுவரை நாலு கிடைத்திருக்கிறது. ஒன்றிலும் உன் பெயர் இல்லை, யார் யாரோ பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. மூன்றாவதாகக் கிடைத்தது சிவப்பு அட்டைப் புத்தகம். அதைப் பார்த்ததும் உன் அம்மா முகம் மாறிவிட்டது. இதத்தான் அன்னிக்கு அவ பாதியில வெச்சிருந்தா, நைனாகிட்ட இது ஒண்ண மட்டும் வாங்கித் தரியாம்மான்னு கேட்டா, நான்தான் உங்க கோவத்துக்குப் பயந்து கேக்கல என்றாள். எட்டு வருஷமாக அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். பாதியோடு நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும், அது வயர்லெஸ்காரன் பார்லோவின் கதை. சீரியலில் அவன் வந்தால் லைன் கிளியர் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவானாம், அம்மா சொன்னாள். புத்தகத்திலோ அவனுக்கு முந்நூறு பக்கம் மனசு இருக்கிறது. அவன் மகள் வேறொரு கிரகத்து நிலையத்தில் வேலை செய்கிறாள், கப்பல் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் குரல் வயர்லெஸில் வரும், வெப்பம் எத்தனை காற்று எத்தனை என்று படிப்பாள், கேட்பது தன் அப்பன் என்று அவளுக்குத் தெரியாது. இவனும் லைன் கிளியர் என்பதோடு நிறுத்திக்கொள்வான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது, புத்தகத்தை மூடிவிட்டு உன் அம்மாவிடம், இவனெல்லாம் ஒரு அப்பனா, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கறான், நான்தாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா என்று கத்தினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, ஞாயித்துக்கெழம போன் வந்தா, மாத்திர போட்டுட்டேன், இந்தா உங்கம்மாகிட்ட பேசுன்னு குடுத்துடறீங்களே, அத்த இன்னான்னு சொல்றது என்றாள்.

எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். ரயில் ஒன்று புத்தூர் பக்கம் போயிற்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உனக்கு வேலை போனபோது மூன்று மாதம் கழித்து அம்மாவிடம் மட்டும் சொன்னாய், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். அப்போது எனக்கு மனக்கஷ்டமாக இருந்தது. இப்போது யோசித்தால், சொன்னால் நான் என்ன கேட்டிருப்பேன், எத்தனை மார்க் என்றுதானே கேட்டிருப்பேன். ஷோபா, உன் புத்தகங்களைப் போட்டது தப்பு. படிக்கத் தெரியாதவன் படிக்கிறவளிடமிருந்து பிடுங்கினேன். இதை வாயால் சொல்ல இத்தனை வருஷம் முயன்று பார்த்துவிட்டேன், போனில் உன் குரல் கேட்டதும் மாத்திரை போட்டுவிட்டேன் என்பதுதான் வாயில் வருகிறது, அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

பார்லோ கடைசியில் பேசினானா இல்லையா என்பதை நான் எழுதப் போவதில்லை, அது நீ படிக்க வேண்டியது. புத்தகத்தைத் துணியில் தைத்து நாளைக்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன், கூடவே அம்மா பருப்புப்பொடி வைக்கச் சொல்கிறாள், அது அங்கே விடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. கல்யாணப் பேச்சை எடுக்கச் சொல்லி நாராயணசாமி பெரியப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், நீ வாயைத் திறக்கும்வரை நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீசா முத்திரை கிடைக்கும்போது வா, அவசரப்பட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆனால் வா. ராத்திரியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு படுக்காதே. வரசித்தி விநாயகரும் ஏழுமலையானும் உன்னைக் கண்கலங்காமல் வைத்திருக்கட்டும்.

ஒன்று மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் என்னிடம் பேசு. நான் சும்மா நின்றால் வைத்துவிடாதே அம்மா, வார்த்தை தேடிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் நைனா
முனிகிருஷ்ணன்