ரொறன்ரோவில் கரண்ட் போன இரவு

2009 மாசி, புதன்

வெக்கை. பாரை மீன் வாங்கப் போய், விலை கேட்டு, நெத்தலியோடு திரும்பல்.

என் மனைவி பவானி இன்றும் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய தம்பி சேகரன், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் சண்டை நடக்கிற வன்னிக்குள். பொங்கலுக்குப் பிறகு போன் இல்லை.

என் போர் இணையத்தில். அங்கே என் பெயர் 'லண்டன் லோகன்'. இருப்பதோ கொழும்பு வெள்ளவத்தையில்; இங்கிருந்து எழுதினால் ஆள் தூக்குகிற வெள்ளை வான் வரும். லண்டனிலிருந்து எழுதினால் வசவு மட்டும்.

வியாழன்

'சிங்கக்கொடி' என்றொரு தேசபக்தன்: ஒரு பொதுமகனும் சாகவில்லையாம். 'ரொறன்ரோ வேங்கை': நடப்பது இன அழிப்பு, ஆனாலும் சனம் வன்னியைவிட்டு வெளியே வரக்கூடாது, வருகிறவன் துரோகி. ஒருவன் செத்தவர்களை எண்ணமாட்டான், மற்றவன் உயிரோடிருப்பவர்களை. சோபாச் சூரர்கள்.

நடுவில் நான், நீதியரசர். இன அழிப்பென்றால் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும், ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ... காலையில் வாசித்தது, மாலையில் வாந்தி.

பவானி தோளுக்கு மேலால் பார்த்தாள். "பகுதி எண்டால் எவ்வளவப்பா? சேகரன்ரை குடும்பம் போதுமோ?"

கம்பியூட்டரை நிறுத்தினேன். அவள் குசினிக்குப் போனதும் திரும்பப் போட்டேன். வெட்கங்கெட்ட பிறவி.

வெள்ளி

இடியப்பம், சொதி. வேங்கை என்னைத் துரோகி என்று எழுதி முடிக்குமுன் கரண்ட் போனது. புலிகளின் பிளேன் வந்தால் கொழும்பு முழுவதையும் இருட்டாக்குவது வழக்கம். வானத்தில் வெடி. எல்லோரும் மாடிப்படியில். மேல்வீட்டு ரியூசன் மாஸ்டர் பாலா, சாரத்தோடு, டோர்ச்சோடு. பொலிஸ்காரன் கேள்வி கேட்குமுன்பே 'ஓம் ஓம்' என்று தலையாட்டுகிற மனுசன். எழுதினதெல்லாம் போச்சே என்று முணுமுணுத்தார்; எனக்குந்தான் என்றேன்.

வெளிச்சம் வந்தது. இடையில் இணையத்தில் மற்றவர்கள் அடிபட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத நேரம் எழுதாமல் இருந்தது இரண்டே பேர், நானும் வேங்கையும். நான் எழுதினேன்: தேத்தண்ணி போடப் போனேன். உடனே வேங்கை: மன்னிக்கவும், ஸ்னோ தள்ளப் போனேன்.

அடப்பாவி.

சனி

படியில் பாலா மாஸ்டர். "லண்டனிலை தேத்தண்ணி கொதிக்க இவ்வளவு நேரமோ அண்ணை?"

"ரொறன்ரோவிலை ஸ்னோ கூடவோ மாஸ்டர்?"

இரண்டு கோழைகளும் சிரித்தோம். பிறகு சொன்னார், அவருடைய அக்காவும் வன்னிக்குள்ளேதானாம். அப்படியென்றால் சனம் வரக்கூடாது என்று ஏன் எழுதுகிறீர் என்று கேட்டேன். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வந்தால் ஆமிக்காரர் என்ன செய்வாங்களோ தெரியாது. அங்கை இருந்தால் என்ன நடக்குமோ தெரியாது. எழுதேக்கை மட்டும் எல்லாம் தெரியுது அண்ணை."

ஞாயிறு

போன். வவுனியா முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் மொபைலில், சேகரன். தானும் மனைவியும் மூத்தவளும் வந்து சேர்ந்துவிட்டார்களாம். சின்னவனைப் பற்றிச் சொல்லவில்லை. பவானி கேட்கவில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் கத்தினாள். மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பின்னேரம் திறந்து பார்த்தேன். சிங்கக்கொடி: லோகன் எங்கே, பயந்து ஓடிவிட்டானா?

கீழே வேங்கை: அவர் வீட்டில் செத்தவீடு. வாயை மூடு.